நாங்கள் இருக்காத விரதம்

துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் ஆசிரியர்களுக்கு,

அடுத்த மாதம் மாணவர்களை அழைத்துக்கொண்டு தான்சானியா போகிறீர்கள். "கலாச்சார வேறுபாடுகளைச் சமாளிப்பது எப்படின்னு நாலு பக்கம் எழுதிக் குடுங்க மேடம், உங்க அனுபவம் எங்களுக்கு உதவும்" என்று போனில் கேட்டீர்கள். கூடவே மாணவர்களுக்குக் கொடுக்கப்போகும் குறிப்புத் தாளையும் அனுப்பி வைத்தீர்கள். அதைப் படித்ததும் வந்த கோபம் மூன்று நாளாகியும் அடங்கவில்லை. ஆறட்டும், பிறகு எழுதலாம் என்று பார்த்தேன். ஆறுகிற வழியாகத் தெரியவில்லை. அதனால் கோபத்தோடேயே எழுதுகிறேன்.

கொசுவலை, தடுப்பூசி, பாஸ்போர்ட் நகல் எல்லாம் சரி. ஏழாவது குறிப்பு என்ன சொல்கிறது? "அங்கு ஒரே தட்டில் பலர் சேர்ந்து உண்பது வழக்கம். சங்கடமாக இருந்தால், இன்று விரதம் என்று பணிவுடன் கூறித் தவிர்த்துவிடலாம். முந்தைய பயணத்தில் இது நல்ல பலன் அளித்தது."

இந்த அருமையான யோசனையைச் சொன்ன மகராசி யார் என்று தேட வேண்டாம். நான்தான். முதல் பயணம் முடிந்ததும் நான் எழுதிக் கையெழுத்துப் போட்ட அறிக்கையில் "கலாச்சார வேறுபாடுகள் கையாளப்பட்ட விதம்" என்ற தலைப்புக்குக் கீழே இந்த வரி இருக்கிறது. ஒரு காற்புள்ளிகூட மாற்றாமல் எடுத்து ஒட்டியிருக்கிறீர்கள். அந்த நல்ல பலன் என்ன என்று உங்களில் ஒருவருக்காவது கேட்கத் தோன்றியதா? தோன்றவில்லை. சரி, நானே சொல்கிறேன்.

எட்டு மாணவர்களோடு போயிருந்தேன். கடைசி வாரம், நெல் விளையும் ஒரு பள்ளத்தாக்கில் சின்ன கிராமம். வாய்க்கால், வரப்பு, நாற்று முடி, சேற்றில் குனிந்து நிற்கும் பெண்கள் என்று பார்த்தால் நம் கீழ்வேளூர்ப் பக்கம் போலவே இருந்தது. எங்களுக்கு மொழிபெயர்க்க அந்த ஊர்ப் பெண் ஒருத்தி வந்தாள். பெயர் நீமா. அங்கே விவசாயம் படித்துக்கொண்டிருந்தாள். மேற்படிப்புக்கு நம் கல்லூரிக்கு வரப்போகிறாள் என்பது முன்பே முடிவாகியிருந்தது. அவளுடைய அம்மாவை ஊரில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. நீமாவின் அம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். நம் ஊரிலும் அப்படித்தானே என்று நம் பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். அதில் ஒன்றும் குறைச்சல் இல்லை.

வேறு பேச்சுகளும் காதில் விழுந்தன. "இங்க வந்தா நாமெல்லாம் வெள்ளக்காரன்டா" என்று வேனில் ஒருவன் சொன்னான், மொத்த வேனும் சிரித்தது. நானும் திரும்பிப் பார்த்து "ஷ்" என்றதோடு சரி. ஊருக்குள் போனால் தெருவில் விளையாடும் குழந்தைகளை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு படம் எடுப்பார்கள். அந்தக் குழந்தையைப் பெற்றவள் வைத்த சோற்றைத் தொட வேண்டிய நேரம் வந்தபோதுதான் சாயம் வெளுத்தது.

நீமாவின் வீட்டில் மதியச் சாப்பாடு. விற்க வைத்திருந்த புது அரிசியை எங்களுக்காகச் சமைத்திருந்தார்கள். வாசலில் நிற்கும்போதே மணம் வந்தது. பாய் விரித்து உட்கார வைத்து, நீமா செம்பில் வெதுவெதுப்பான தண்ணீர் கொண்டுவந்து ஒவ்வொருவர் கையிலும் ஊற்றினாள், கீழே ஒரு பாத்திரம் பிடித்தபடி. பிறகு அவள் அம்மா ஒரு பெரிய தாம்பாளத்தைக் கொண்டுவந்து நடுவில் வைத்தாள். சோறு, மேலே மீன், ஓரத்தில் அவித்த பயறு. அதைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்து அவரவர் பக்கத்திலிருந்து எடுத்துச் சாப்பிட வேண்டும்.

ஒரு கையும் நீளவில்லை.

என் பக்கத்தில் இருந்த காவ்யா, நல்ல பெண்தான், முதல் மதிப்பெண் வாங்குகிறவள், குனிந்து என் காதில் சொன்னாள். "மேடம், எச்சி மேடம். எப்புடி மேடம்?"

எனக்கும் கை போகவில்லை. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, இப்போது எழுதுகிறேன். ஒருத்தர் வாயில் போன விரல் மறுபடி சோற்றுக்கு வருவதை நினைத்ததும் எனக்கும் குமட்டியது. சின்ன வயதிலிருந்து தம்ளரைத் தூக்கி அண்ணாந்து குடித்துப் பழகிய உடம்பு, அதற்கு ஆப்பிரிக்கா தெரியுமா, பரிமாற்றத் திட்டம் தெரியுமா? அந்த அம்மா எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தாள். உப்பு போதவில்லையோ என்பதுபோலத் தன் சோற்றையும் ஒருமுறை பார்த்தாள். ஏதாவது சொல்லியாக வேண்டும். வாயில் முதலில் வந்ததைச் சொன்னேன்.

"இன்று எங்களுக்கு விரதம் என்று அம்மாவிடம் சொல்."

நீமா சொன்னாள். அந்த அம்மாவின் முகம் மாறிய விதத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். கோபம் வந்திருந்தால்கூடப் பரவாயில்லை. மரியாதை வந்தது. சாமி காரியம் என்றதும் இரண்டு கைகளாலும் தாம்பாளத்தைத் தூக்கி உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு, தெரியாமல் முன்னால் வைத்ததற்கு எங்களிடம் மன்னிப்புக் கேட்டாள். புறப்படும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு நீமா வழியாக ஒன்று கேட்டாள். "என் மகள் உங்கள் ஊருக்கு வருகிறாள். அவளுக்குச் சோறு போட அங்கே யார் இருக்கிறார்கள்?"

"நான் இருக்கிறேன். என் மகள் மாதிரி" என்றேன். எவ்வளவு சுலபமாக வருகிறது பாருங்கள்.

வேன் ஊர் எல்லை தாண்டியதும் நிறுத்தச் சொன்னார்கள். பசி. தஞ்சாவூரிலிருந்து கட்டிக்கொண்டு வந்த முறுக்கு, புளிக்காய்ச்சல் பாட்டில், பிஸ்கட் எல்லாம் வெளியே வந்தன. ஓட்டுநர் வாங்கி வைத்திருந்த சோற்றில் புளிக்காய்ச்சலைப் பிசைந்து, ஆளுக்கொரு காகிதத் தட்டில் நானே பரிமாறினேன். "தப்பிச்சோம் மேடம்" என்று காவ்யா சிரித்தாள். அப்போது பின்னால் யாரோ ஓடிவருகிற சத்தம் கேட்டது. நீமா. தலையில் ஒரு கூடை. பழுத்த வாழைப்பழமும் வறுத்த நிலக்கடலையும். விரதம் முடிகிற நேரத்தில் சாப்பிடட்டும் என்று அவள் அம்மா கொடுத்து விரட்டியிருக்கிறாள்.

வேனின் கதவு திறந்திருந்தது. என் வாயில் முறுக்கு இருந்தது.

நீமா எங்கள் தட்டுகளைப் பார்த்தாள். கூடையைப் படிக்கட்டில் வைத்தாள். "அம்மா கொடுத்தார்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். அந்தப் பழத்தையும் பிள்ளைகள் தின்றார்கள். அதற்குத் தோல் இருந்ததே.

ஊர் திரும்பி அறிக்கை எழுதினேன். நல்ல பலன் அளித்தது என்று.

நீமா சம்பா சாகுபடி தொடங்கும் சமயத்தில் வந்து சேர்ந்தாள். கடலோரம் உப்பு ஏறிய வயலில் எந்த நெல் தாங்கும் என்பது அவள் ஆராய்ச்சி. அவள் ஊர் வயல்களிலும் உப்புதான் பிரச்சினை. கீழ்வேளூர்ப் பக்கம் சோதனைத் திடல், தங்குவது தஞ்சாவூரில் கல்லூரி மகளிர் விடுதி. நான்தான் வழிகாட்டி. நாற்று விட்டதிலிருந்து அறுவடைவரை அவள் இங்கே இருந்தாக வேண்டும். விளைச்சல் கணக்கு இல்லாமல் பட்டம் கிடையாது. இது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

முதல் மாதம் சிரித்துக்கொண்டிருந்தாள். பஸ்ஸில் யாரோ கேட்காமல் தலைமுடியைத் தொட்டுப் பார்த்ததைக்கூடச் சிரித்துக்கொண்டே சொன்னாள். போகப் போகச் சிரிப்பு குறைந்தது, ஆளும் இளைத்தாள். கேட்டால், "காரம் ஒத்துக்கொள்ளவில்லை" என்பாள். நானும் நம்பினேன். நம்புவது வசதியாக இருந்தது. விடுதிக்கு ஒரு நடை போய்ப் பார்க்க எனக்குப் பத்து நிமிடம் ஆகாது, போகவில்லை. செமினார், தேர்வுத்தாள், பதவி உயர்வுக் கோப்பு, எத்தனையோ வேலை. என் மகள் மாதிரி என்று சொன்ன வாய்தான் இது.

கதிர் பால் பிடிக்கும் சமயம், ஒரு நாள் மதியம் திடலில் தூர்களை எண்ணிக்கொண்டிருந்தவள் வரப்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கண் இருட்டுகிறது என்றாள். நான் ஜீப்பிலிருந்து என் சாப்பாட்டு அடுக்கை எடுத்துவந்து திறந்து, "முதல்ல சாப்பிடும்மா" என்று நீட்டினேன்.

அவள் டப்பாவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து, இங்கே வந்து கற்றுக்கொண்ட தமிழில் நிதானமாகச் சொன்னாள். "இன்னைக்கு விரதம், மேடம்."

டப்பாவை மூடி வரப்பில் வைத்தேன். பிறகு அவளே ஆங்கிலத்தில் தொடர்ந்தாள். மெஸ்ஸில் தனக்கென்று தனித் தட்டும் தம்ளரும் வைத்திருக்கிறார்கள், அடியில் சிவப்பு நெயில் பாலீஷால் பொட்டு வைத்து. அவள் உட்காரும் மேசையில் யாரும் உட்காருவதில்லை. பத்து நாளாக மெஸ்ஸுக்குப் போவதை விட்டு ரொட்டியும் பழமும் தின்றுகொண்டிருக்கிறாள். ஏன் இளைத்துவிட்டாய் என்று அம்மா போனில் கேட்டால், இந்த ஊர்க்காரர்கள் போல நானும் விரதம் இருக்கிறேன் என்று சொல்லியிருக்கிறாள். அந்த வாரக் கடைசியில் ஊருக்குத் திரும்பிவிடுவது என்று முடிவு. "அறுவடையை யாராவது செய்து கணக்கு அனுப்புங்கள், அனுப்பாவிட்டாலும் பரவாயில்லை" என்றாள்.

மறுநாள் காலை நேரே மெஸ்ஸுக்குப் போனேன். தட்டு அடுக்கில் கடைசியாக, தனியாக அது இருந்தது. திருப்பிப் பார்த்தேன், பொட்டு.

என் அப்பா பண்ணையில் வேலை பார்த்தவர். பக்கத்து ஊர் டீக்கடையில் அவருக்கென்று ஒரு தம்ளர் வெளியே தட்டியில் செருகியிருக்கும், அவரே எடுத்துக் கழுவி அவரே செருக வேண்டும். அதைக் கண்ணால் பார்த்து வளர்ந்தவள் நான். என்னிடமே இதற்கு விளக்கம் சொல்ல வந்தார்கள்!

"பிள்ளைங்கதான் கேட்டுச்சுங்க மேடம்" என்றார் சமையல்காரம்மா. "அந்தப் பொண்ணு தம்ளர வாய வச்சுக் குடிக்குது. பக்கத்துல இருக்குற பொண்ணு தட்டுலேருந்து அப்பளத்த எடுத்துத் திங்குது, தன் தட்டுலேருந்து எடுத்து அதுக்கு வைக்குது. இதுங்கல்லாம் கத்துதுங்க. நான் என்ன செய்யட்டும் சொல்லுங்க."

அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். வார்டன் என்னைவிட இருபது வயது சின்னவர், வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர். அவர் சொன்னதுதான் என்னைக் கொளுத்திவிட்டது. "இது கலாச்சார வேறுபாடு மேடம். ரெண்டு பக்கமும் புரிஞ்சுக்கணும். திங்கக்கிழமை பரிமாற்ற ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க தான்சானியாலேருந்து ஆளுங்க வர்றாங்க. இப்போ போய் நீங்க பெரிசு பண்ணாதீங்க."

"தட்டுக்குப் பொட்டு எந்தக் கலாச்சாரத்துல வைக்கிறாங்கன்னு சொல்லுங்க, நானும் தெரிஞ்சுக்கறேன்" என்று கத்தினேன். மெஸ்ஸில் பாத்திரம் தேய்க்கிற சத்தம்கூட நின்றுவிட்டது.

ஆனால் கத்திக்கொண்டிருக்கும்போதே எனக்கு ஒன்று உறைத்தது. பொட்டு வைத்தது இவர்கள், சரி. ஆரம்பித்து வைத்தது யார்? அந்தத் தாம்பாளத்தை முதலில் திருப்பி அனுப்பியது யார்? அதை அறிக்கையில் பெருமையாக எழுதியது யார்?

அன்று மதியம், எல்லோரும் சாப்பிடும் நேரத்தில், நீமாவையும் பயணம் போன மாணவிகளையும் மெஸ்ஸுக்கு வரச் சொன்னேன். எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று சொன்னேன். "அன்னைக்கு நீமா வீட்டுல நமக்கு விரதம் கிடையாது. நான் பொய் சொன்னேன். ஒரு மைல் தாண்டி உக்காந்து எல்லாரும் வயிறாரச் சாப்பிட்டோம். நீமா அத பாத்தா. பாத்துட்டும் நம்மள நம்பி இந்த ஊருக்கு வந்தா. நாம அவளுக்குப் பொட்டு வச்ச தட்டு குடுத்திருக்கோம்."

நடந்ததைச் சொல்கிறேன், சினிமா போல எல்லோரும் ஓடிவந்து கட்டிப்பிடித்துக்கொள்ளவில்லை. பலர் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். இரண்டு பேர் எழுந்து கை கழுவப் போய்விட்டார்கள். காவ்யா அழுதாள், அழுவதால் யாருக்கு என்ன லாபம் என்று அவள்மேலும் எரிந்து விழுந்தேன். பிறகு அவள்தான் போய் நெயில் பாலீஷ் ரிமூவர் கொண்டுவந்து அந்தப் பொட்டைத் துடைத்தாள்.

நீமாவிடம், "என்னை மன்னிச்சிரும்மா" என்றேன்.

அவள் தலையசைத்து மறுத்தாள். "என்னிடம் எதற்கு? நீங்கள் பொய் சொன்னது என் அம்மாவிடம். நான் அன்று வீட்டுக்குப் போய், பழத்தை வாங்கிக்கொண்டு ரொம்பச் சந்தோஷப்பட்டார்கள் என்று சொன்னேன். அவருக்கு இன்றுவரை தெரியாது. நீங்கள் சொல்வீர்களா?"

இதை நான் எதிர்பார்க்கவில்லை. அவ்வளவு பேர் முன்னால் தைரியமாக நின்றவளுக்கு அப்போதுதான் பயம் வந்தது. அந்த அம்மா கடல் தாண்டி இருக்கிறாள், தெரியாமலே இருந்துவிட்டுப் போகட்டுமே என்று மனசு கணக்குப் போட்டது. "சொல்றேன்" என்றேன்.

என் அறையில் உட்கார்ந்து வீடியோவில் கூப்பிட்டோம். அந்த அம்மா வீட்டு வாசலில் இருந்தாள். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. என் மகள் விரதம் இருக்கிறாளாமே, உங்கள் சாமியை நன்றாகக் கும்பிடுகிறாளா என்று கேட்டாள். நான் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல, நீமா தன் மொழியில் சொல்ல வேண்டும். தன் வீட்டுச் சோற்றை நாங்கள் ஏன் தொடவில்லை என்பதை, பெற்றவளிடம் ஒரு மகள் தன் வாயாலேயே சொல்ல வேண்டியிருந்தது. அந்தக் கொடுமையையும் நான்தான் செய்தேன். எச்சில் என்றால் என்ன என்று விளக்கினேன். எங்கள் ஊரில் ஆளுக்கொரு இலையில் தனித்தனியாகத்தான் சாப்பிடுவோம் என்றேன். விரதம் பொய் என்றேன். வேனில் சாப்பிட்டதைச் சொன்னேன். மெஸ் தட்டைச் சொன்னேன், நீமா அதையும் விடாமல் சொல்லி முடித்தாள்.

அந்த அம்மா போனைத் திருப்பி, வீட்டுக்குப் பின்னால் காட்டினாள். வரிசையாக வாழை. ஏதோ சொன்னாள். நீமா மொழிபெயர்க்கக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டாள்.

"அம்மா கேட்கிறார், வாழை இங்கேயே நிற்கிறதே, இலை வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வெட்டிக் கொடுத்திருக்க மாட்டேனா என்று."

அந்த மரங்களைத் தாண்டித்தான் அன்று வேனுக்கு நடந்து போனோம். எட்டு மாணவர்கள், ஒரு பேராசிரியர், எல்லோரும் டெல்டாக்காரர்கள், ஒருத்தர் கண்ணிலும் அந்த இலை படவில்லை. கேட்டால் அவமானம் என்று பயந்து, பொய் சொல்லி அவமானப்படுத்தினோம்.

கடைசியாக அவள் இன்னொன்று கேட்டாள். "இன்றைக்கு நீமா சாப்பிட்டாளா?"

அன்றிலிருந்து அறுவடைவரை நீமா என் வீட்டில் இருந்தாள். விடுதியில் விசாரிக்க ஒரு கமிட்டி போட்டார்கள், அது இரண்டு முறை கூடி டீ குடித்துக் கலைந்தது. என் பதவி உயர்வுக் கோப்பு நகராமல் போனதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்று சொன்னார்கள், இருக்கட்டும். நீமா பட்டம் வாங்கினாள். என் வீட்டில் தம்ளரை வாய் வைத்துத்தான் குடித்தாள். நான் அண்ணாந்துதான் குடித்தேன். இரண்டு பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட அதில் ஒரு தடையும் இருக்கவில்லை.

வேறுபாடே கிடையாது என்று நான் சொல்லவில்லை. இருக்கிறது. எனக்கு இன்றைக்கும் ஒரே தட்டில் கை போகாது. அதை முகத்துக்கு நேரே சொல்லத் துப்பில்லாமல் சாமியைத் துணைக்கு இழுத்தோமே, அதைத்தான் சொல்கிறேன். நெருக்கடியில் மாணவர்கள் உங்கள் முகத்தைத்தான் பார்ப்பார்கள். நீங்கள் பொய் சொன்னால் அது தப்பித்தல் என்று கற்றுக்கொண்டு, ஊர் திரும்பித் தட்டுக்குப் பொட்டு வைப்பார்கள். ஏழாவது குறிப்பை அடித்துவிடுங்கள். என் பழைய அறிக்கை இன்னும் அலமாரியில் இருந்தால் அந்தப் பக்கத்தையும் கிழித்துவிடுங்கள். நான் சொன்னேன் என்றே சொல்லுங்கள்.

உங்களை அங்கே வரவேற்கப்போவது யார் தெரியுமா? நீமாதான். இப்போது அவள் அங்கே ஆசிரியை. மதியச் சாப்பாடு அதே வீட்டில். போன வாரம் எனக்கு எழுதியிருந்தாள். இந்த முறை தஞ்சாவூரிலிருந்து நீங்கள் மொத்தம் எத்தனை பேர் என்று உடனே எனக்குச் சொல்லுங்கள். எத்தனை இலை அறுக்க வேண்டும் என்று அவள் அம்மா கேட்கிறாளாம்.